நான் வரிசையிலிருந்து அனுப்பிவிட்ட பெண்கள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும், பாதி மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மறக்காமல் கண்ணுக்குள் நிற்பது, ரத்தம் எடுத்து வைக்கும் விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று. அதன்மேல் பெயர் இருக்காது, ஒரு எண் மட்டும் ஒட்டியிருக்கும்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். நாட்டில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. என்று கணக்குப் போட, சில மாதங்கள் மட்டும் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து அனுப்புவார்கள். வந்த வரிசைப்படியே எடுக்க வேண்டும், ஒருத்தரையும் விடக் கூடாது. வரிசையில் உட்கார வைப்பது என் வேலை.

லேப் அம்மா பூந்தமல்லி முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிட இருபது வயது சின்னவர். யார் பெயரும் வெளியே போகாது என்று பத்து தடவை சொல்லியிருப்பார். நான் நம்பவில்லை. திருமழிசையிலிருந்து வருகிறவர்களில் சிலருடைய புருஷன்மார் லாரிக்குப் போய், இளைத்து வந்து வீட்டோடு கிடந்தார்கள். அந்த நோய்தான் என்று தெருவில் பேச்சும் இருந்தது. அந்தப் பெண்களிடம் மட்டும் காதோடு, "இன்னிக்கு ஊட்டுக்குப் போயிடு கண்ணு, இந்தக் கணக்கு முடியட்டும், அப்பால வா" என்பேன். காப்பாற்றுவதாக நினைப்பு.

எங்கள் குழாய் ஒன்றில்கூட நோய் இல்லை என்று வந்தது. மற்ற நாள் சோதனையில் ஒன்றிரண்டு பேருக்காவது வருவது இதில் மட்டும் எப்படி வராமல் போகும் என்று, கணக்கெடுப்பு அதிகாரி வந்திருந்த கூட்டத்தில் எழுந்து கேட்டார் லேப் அம்மா. நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். "நோய் இல்லைன்னா சந்தோஷப்படணும்மா. உன் வேலை போயிடும்னு பயமா?" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள்.

வெளியே வந்து லேப் அம்மா என்னிடம்தான் கேட்டார்: "வரிசை எங்கியோ தப்பிகீது ஆயாம்மா. நீங்கதான் கூடவே கீறீங்க, எதுனா தெரியுமா?"

தெரியாது என்றேன். தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

கணக்கைக் குழப்புகிறவர் என்று பட்டம் கட்டி அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள். நோயே இல்லாத இடத்துக்கு எதற்கென்று, ஆலோசனை சொல்லும் அறையையும் மூடினார்கள். நான் அனுப்பியவர்களில் ஒருத்தி அப்புறம் வரவேயில்லை. அன்றைக்கு இருந்திருந்தால் வழக்கமான சோதனையும் நடந்திருக்கும். நோய் இருந்தால் பிள்ளைக்கு மருந்தாவது கிடைத்திருக்கும்.

இப்போது டிவியில் நாடு முழுக்க இத்தனை பேர் என்று சொல்லும்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். எத்தனை ஊர் வரிசையில் என்னைப் போல ஒருத்தி நின்றாளோ.

ஐந்து பேரை அனுப்பினேன் என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். இப்போதும் குறைத்துச் சொல்லத்தான் கை வருகிறது. வரிசைக்கு டோக்கன் கொடுத்து எழுதிவைத்த பழைய நோட்டு ஆஸ்பத்திரியில் இருந்தால், ரத்தம் கொடுக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராவது பாருங்கள். பார்த்து, லேப் அம்மா கேட்டது சரிதான் என்று அவரிடம் சொல்லுங்கள்.