கேட்கச் சொன்ன கேள்வி

அவருக்கு அந்தப் பகுதியில் 'கேள்வி' என்று பெயர். ஃபேன் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவர் கடை எங்கே என்று விசாரித்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். கேள்வி கடை என்றால் கையோடு கூட்டிவந்து விட்டுவிடுவார்கள்.

பெயர் வந்த கதை இதுதான். சட்டமன்றத்தில் பட்ஜெட் கூட்டம் முடிந்ததும் உறுப்பினர் தொகுதிக்கு வருவார். நகராட்சிக் கூடத்தில் நாற்காலி போட்டு, இந்த ஆண்டு நமக்கு எதற்கெல்லாம் நிதி கிடைத்தது, எந்த வேலை எங்கே நிற்கிறது என்று மக்களிடம் சொல்வார். கடைசியில், "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்பார். அந்த இடத்தில்தான் சிக்கல். ஒன்று, கூடம் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் யாராவது எழுந்து, தன் மச்சானோடு இருக்கும் சுவர்த் தகராறை ஆரம்பித்துவிடுவார். இரண்டுமே கூட்டத்துக்கு ஆகாது. அதனால் முதல் கேள்வியை முன்கூட்டியே தயார் செய்து ஒருவரிடம் கொடுத்து வைப்பார்கள். அந்த ஒருவர் கட்சிக்காரராக இருக்கக் கூடாது. நாலு பேருக்குத் தெரிந்த முகமாக இருக்க வேண்டும். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் குரல் எட்ட வேண்டும்.

அவர் கடைக்குப் பக்கத்தில் தகரப் பட்டறை. நாள் முழுக்க அந்தச் சுத்தியல் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆள் பொருத்தமாக அமைந்துவிட்டது.

கூட்டத்துக்கு முன் உறுப்பினரின் உதவியாளர் கடைக்கு வருவார். பிரித்துப் போட்ட ஃபேன்களுக்கு நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்து, கேள்வியை வாயால் சொல்வார். எழுதித் தருவதில்லை. பார்த்துப் படித்தால் சாயம் வெளுத்துவிடும். கேள்விக்காரர் இதற்காக ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. மேடையிலிருந்து உறுப்பினர், "நல்ல கேள்வி கேட்டீங்க" என்று சொல்லும்போது காது மடல் சூடாகும். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

ஒத்திகை வீட்டில் நடக்கும். மனைவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து உறுப்பினராகிவிடுவாள். அவர் கதவோரம் நின்று கேட்பார்.

"என்னங்க, கேள்வி கேக்கறீங்களா, சண்டைக்கு வரீங்களா?"

"குரல் அப்படி."

"கொஞ்சம் சந்தேகமா கேளுங்க. பதில் தெரிஞ்சவன் மாதிரியே நிக்கறீங்க." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, உறுப்பினரைப் போலவே விரலைத் தூக்குவாள். "நல்ல கேள்வி கேட்டீங்க!"

இருவரும் சிரித்து ஓய்வதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும்.

அவளுக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகும் ஒத்திகை நின்றுவிடவில்லை. நகரத்து மருத்துவமனையில் டயாலிசிஸுக்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே மெல்ல அதிரும். தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள், அதிர்வு இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் காதையும் வைத்துக் கேட்பார்.

"மோட்டார் நல்லா ஓடுது. காயில் அருமையா சுத்தியிருக்கான்."

"கையைக் கழட்டிப் போட்டுடாதீங்க. கடைல கிடக்கறதே போதும்."

வாரம் இரண்டு முறை பஸ்ஸில் நகரத்துக்குப் போய்வர வேண்டும். போகும்போது தெம்பாகத்தான் போவாள். திரும்பும்போது துவைத்துப் பிழிந்த துணிபோல அவர் தோளில் கிடப்பாள். நகரத்தில் அவள் தங்கை இருந்தாள். மாடி அறையைக் காலி செய்து வைத்துவிட்டு, "அக்காவ கூட்டிட்டு வந்துருங்க மாமா, ஆஸ்பத்திரி நடக்கற தூரம்தான்" என்று போன் மேல் போன் செய்தாள். போய்விடலாம் என்றுதான் இவரும் கடையை ஒதுங்கவைக்கத் தொடங்கியிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சென்ற ஆண்டுக் கூட்டம் வந்தது. உதவியாளர் சொல்லிக்கொடுத்த கேள்வி, "நம்ம ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் வசதி வருமா?" ஒத்திகையில் ஒரு பிழையும் சொல்ல மனைவிக்கு வாய்ப்பில்லை. அவ்வளவு நன்றாகக் கேட்டார். கூட்டத்திலும் கேட்டார். உறுப்பினர் விரலைத் தூக்கினார். "இந்த பட்ஜெட்லயே நிதி ஒதுக்கியாச்சு!" கூடம் கைதட்டியது.

அவர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

"உன் தங்கச்சிகிட்ட வரலன்னு சொல்லிடு. இங்கயே வருது."

"நம்ம கேள்விதானே அது?" என்றாள்.

"கேள்விதான் நம்மளது. பதில் அவருது. மைக்ல சொல்லிட்டாரு."

அவள் போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டாள். தங்கைக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்ற எண்ணம் அவளுக்கும் இருந்தது.

இத்தனை வருடம் கேள்வி தயாராகும் அடுப்படியில் நின்றவர், அங்கே சமைத்த சாப்பாட்டை வந்த விருந்தாளியைப் போல உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். அதைப் பின்னால்தான் அவரால் யோசிக்க முடிந்தது.

உறுப்பினர் சொன்னது பொய்யும் இல்லை. மருத்துவமனையின் பின்புறம் அறை ஒன்று எழும்பியது. தரைக்கு ஓடு பதித்தார்கள். சுவரில் வரிசையாகத் தண்ணீர்க் குழாய்க்கு வாய் வைத்தார்கள். கதவின் மேல் பெயரும் எழுதினார்கள். பிறகு பூட்டினார்கள். கடை அடைத்துத் திரும்பும்போதெல்லாம் அவர் அந்த ஜன்னலில் முகம் வைத்துப் பார்ப்பார். வீட்டில் போய், "ஓடு போட்டாச்சு", "பெயின்ட் ஆச்சு" என்பார். சொல்ல ஒன்றும் இல்லாத நாட்களில், "சுத்தமா வச்சிருக்காங்க" என்பார்.

மழைக்காலத்தில் நகரத்துக்குப் போகும் சாலையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போனது. பஸ் ஓடவில்லை. ஒரு முறை சிகிச்சை தவறியது. அடுத்த முறையும் தவறியது. அவள் கால் வீங்கியது, பிறகு முகம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தே தூங்கினாள். வாடகைக் கார் ஒன்று சுற்றுவழியில் போக ஒப்புக்கொண்டிருந்த காலையில் அவர் வழக்கம்போல அவள் கையில் விரலை வைத்தார். இடம் தவறிவிட்டதோ என்று கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு காதை வைத்தார்.

துக்கத்துக்கு உறுப்பினர் வந்தார். இவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். திட்டித் தீர்க்கவும் முடியவில்லை.

இந்த ஆண்டும் பட்ஜெட் முடிந்தது. உதவியாளர் வந்து ஃபேன்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரிதான்ணே இந்தத் தடவையும். டயாலிசிஸுக்கு என்ன கிடைச்சிருக்குன்னு கேளுங்க. மெஷினுக்குப் பணம் வந்திருக்கு."

அவர் ஃபேன் தண்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேற யாராவது கேக்கட்டுமே தம்பி."

"உங்க வீட்லயே அப்படி ஆயிடுச்சு. நீங்க கேட்டாத்தான்ணே எடுபடும்."

உதவியாளர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எழுந்தவர், இவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்.

கூட்டத்தில் எப்போதும் உட்காரும் நடு வரிசையில் போய் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெண் வந்தாள். தையல் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே வந்திருந்தாள். கனமான பையை வலது தோளில் மாட்டி, தண்ணீர் பாட்டிலையும் வலது கையிலேயே பிடித்திருந்தாள். இடது கையை மடியில் தனியாக, தூங்கும் குழந்தையைப் போல வைத்திருந்தாள். அது டயாலிசிஸ் கை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆஸ்பத்திரி பத்திச் சொல்லுவாங்களாண்ணே?"

"சொல்லுவாங்க."

"எங்க அண்ணன் நகரத்துக்கு வந்துடுன்றான். போனா இந்த வேலைய விடணும், வீட்டையும் காலி பண்ணணும். இங்கயே வருதுன்னா எதுக்கு அலையணும்? அதான், காதால கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்."

உறுப்பினர் பேசினார். அறுந்துபோன சாலைக்கு நிதி, பஸ் நிலையத்துக்குக் கூரை, மேட்டுத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய். சாக்கடை வேலை ஏன் பாதியில் நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

நாலைந்து தலைகள் இவர் பக்கம் திரும்பின. பின்னாலிருந்து ஒருவன், "கேள்வி, எந்திரிங்க. டீ ஆறுது" என்றான். சிரிப்பு.

எழுந்து கேட்டார். சொல்லிக்கொடுத்தபடி, ஒரு சொல் மாறாமல் கேட்டார். கொஞ்சம் சந்தேகத்தோடுகூடக் கேட்டார்.

"நல்ல கேள்வி கேட்டீங்க! டயாலிசிஸ் மெஷினுக்கு இந்த பட்ஜெட்ல நிதி ஒதுக்கியாச்சு!"

கைதட்டல். அந்தப் பெண் வலது கையால் தொடையில் தட்டினாள். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப அண்ணன்கிட்ட வரலன்னு சொல்லிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பையில் போனைத் தேடினாள்.

அவர் உட்காரவில்லை. இத்தனை வருடத்தில் இரண்டாவது கேள்வி என்று ஒன்று இருந்ததே இல்லை. யாரும் சொல்லிக்கொடுக்காத கேள்விக்குக் குரல் எங்கிருந்து எடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

"அது எப்பய்யா ஓடும்?"

குரல் எழும்பவேயில்லை. கடைசி வரிசையில், "என்ன கேட்டாரு?" என்றார்கள். சுவரோரம் நின்ற உதவியாளர், உட்காருங்கள் என்று கையால் காட்டினார்.

"போன வருஷமும் இதே இடத்துல நின்னுதான் கேட்டேன். ஒதுக்கியாச்சுன்னீங்க. நானும் நம்பி வீட்ல சொல்லிட்டேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "இங்க ஒருத்தங்க நகரத்துக்குப் போறதா இங்கயே இருக்கறதான்னு தெரிஞ்சுக்க வந்திருக்காங்க. எப்ப ஓடும்?"

உறுப்பினர் விரல் பாதித் தூரம் உயர்ந்து, இறங்கிவிட்டது. அவர் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"போன வருஷம் வந்தது கட்டடத்துக்கு. இப்ப வந்தது மெஷினுக்கு. இனிமே டெண்டர் விட்டு வாங்கணும். அதை ஓட்டறதுக்கு ஆள் வேணும், அந்தப் பணியிடத்துக்கு இன்னும் அனுமதி தரல. அடுத்த பட்ஜெட்ல கேப்பேன். கிடைச்சுடும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"அப்ப இந்த வருஷம் இல்ல."

"இந்த வருஷம் இல்ல."

யாரும் கைதட்டவில்லை. டீ கிளாஸ்கள் தட்டில் உரசும் சத்தம் கேட்டது. மேட்டுத் தெருக்காரர் ஒருவர் எழுந்து, "ஐயா, அப்ப எங்க குழாய் எப்ப?" என்றார். பிறகு இன்னொருவர். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நின்றபடியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் உதவியாளர் அவரை மறித்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே." சற்றுப் பொறுத்து, "அடுத்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"பாத்துக்கங்க தம்பி."

அந்தப் பெண் வெளி கேட் பக்கத்தில் காத்திருந்தாள். அழுதிருந்தாள்.

"அப்ப வராதாண்ணே?"

"வரும்மா. ஒருநாள் வந்துடும். நீங்க அதுக்காக இங்க இருக்காதீங்க."

அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "உங்க வீட்ல யாருக்குண்ணே?"

அவர் அவளுடைய இடது கையைப் பார்த்தார். "தினம் காலைல கைய வச்சுப் பாக்கறீங்களா? மோட்டார் ஓடற மாதிரி இருக்கணும்."

அவள் அங்கேயே, தெருவிளக்கின் கீழே, வலது கை விரல்களை இடது கையில் வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சூடானது, ஏனென்று தெரியவில்லை.

"ஓடுதுண்ணே."

"சரி," என்றார். "கெளம்புங்க."