பள்ளிச் சுவரோரம் உப்பு அம்பாரம்

இன்று டீக்கடையில் எங்கள் கவுன்சிலரைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்துக்கு ரோடு போட நேற்றுதான் பேரூராட்சிக் கூட்டத்தில் முடிவெடுத்தார்களாம்.

“எம்பொண்ணு சேத்துல எறங்கித்தான் ஸ்கூலுக்குப் போவுது. கேட் வரைக்கும் ரோடு வருதாண்ணே?”

“பின்பக்கமா போவுதுப்பா. செவத்த ஒடச்சி கேட் வெச்சிக்கலாம்.”

“எப்போ?”

“அடுத்த கூட்டத்துல பேசலாம்.”

பின்பக்கம் இருப்பது அவர் மச்சானின் உப்பளம்.

மழைக்காலத்தில் அளத்துக்குள் லாரி இறங்காது. அதனால் அளத்துக்காரர்கள் எல்லோரும் உப்பை மெயின்ரோட்டோரம் கொண்டுவந்து குவித்து, ஓலை போட்டு மூடுவார்கள். இந்த வருஷம் மச்சான் மட்டும் போன மாதமே ரோடே இல்லாத பள்ளிப் பின்சுவரோரம் குவித்து மூடிவிட்டார்.

நேற்று எடுத்த முடிவு அவருக்குப் போன மாதமே தெரிந்திருக்கிறது. பேசாமல், சுவரில் கேட் எப்போது வரும் என்று மச்சானையே கேட்டுவிடலாமா? நீங்களே சொல்லுங்கள்.