அண்ணன் ஊர்க் காற்று

ஆக்லாந்தின் வானிலையை எங்கள் வீட்டில் யாரும் சட்டை செய்ததில்லை. கொடியில் துணி நனைந்தால் மழை என்று தெரிந்துகொள்வோம். அம்மா எழுந்ததும் போனில் பார்ப்பது, இங்கிலாந்தில் கடலோரம் கிடக்கும் ஒரு சின்ன ஊரின் காற்றை. எந்தத் திசை, என்ன வேகம், ஏறுமா இறங்குமா. "இன்னைக்கு மேல்காத்து. பரவால்ல, லேசாத்தான் அடிக்குது" என்பாள், பக்கத்துத் தெருவைச் சொல்வதுபோல.

அங்கேதான் என் அண்ணன் இருந்தான். எனக்கு முன்னால் பிறந்து, சில நாளிலேயே போய்விட்டவன். பச்சைக் குழந்தையை எரிக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை, அங்கேயே புதைத்தார்கள். கல் வைக்கலாமா என்று கேட்டதற்கு, குழந்தைக்குக் கல்லும் கிடையாது, கருமாதியும் கிடையாது என்று மதுரையிலிருந்து பெரியப்பா போனிலேயே முடித்துவிட்டார். அம்மா அந்த மண்ணில் ஒரு நீலக் காற்றாடியைக் குத்திவிட்டு வந்தாள். திருவிழாவில் குச்சியில் செருகி விற்பார்களே, அது. பிறகு அப்பாவுக்கு ஆக்லாந்தில் எல்லர்ஸ்லி பக்கம் வேலை கிடைத்து இங்கே வந்துவிட்டோம். குழந்தைகளைப் புதைத்த அந்த வரிசையில் அவன் இடம் எது என்பதற்கு அந்தக் காற்றாடியை விட்டால் வேறு அடையாளம் இல்லை.

ஆறு வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அண்ணன் அந்த ஊரில் இருக்கிறான் என்பார்கள். மணி கேட்டால், அங்கே இன்னும் நேற்றுதான் என்பார் அப்பா. நேற்றிலேயே இருப்பவன் எப்படி வளர்வான், எப்படிப் பேசுவான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை போன் முழுக்கச் சிவப்பு.

"புயல்னு போட்ருக்கான்" என்றாள் அம்மா.

"விடேன்மா. இங்க ஒரு இலை ஆடல" என்றார் அப்பா.

"இங்க ஆடலைன்னா?"

அந்த ஊரில் எங்களுக்கு ஒரே துணை, அங்கே குடியிருந்தபோது கீழ்வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா. காற்றாடி கிழிந்தால் புதிதாக மாற்றுவதும் அவர்தான். அம்மா வீடியோவில் கூப்பிட்டாள்.

"ஓம் பிள்ளை, அங்கதான் நிக்கிறன். ஆளையே தூக்குது காத்து! பார், காட்டுறன்."

படம் ஆடிக்கொண்டே வந்தது. அங்கே வெள்ளிக்கிழமை இருட்டிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காற்றாடிகள், வெறிபிடித்ததுபோலச் சுற்றின. அந்த ஊளை எங்கள் சமையலறையை நிறைத்தது. எங்கள் பிளாக்ஹவுஸ் பே வீட்டில் ஜன்னல் திரை அசையவில்லை.

"இந்தா, உன்ர நீலம். பறக்கேல்லை."

பறக்கவில்லைதான். ஆனால் அது சுற்றவும் இல்லை. இரண்டு பக்கமும் மற்றவை சுற்ற, அது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல நின்றது.

"ஏன்க்கா நிக்குது?" அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. இறுகிப் போச்சோ தெரியா."

எனக்குப் பிறந்தநாள் கேக்தான் ஞாபகம் வந்தது. நடுவில் புகுந்து திரையில் ஊதினேன்.

நீலம் சுற்றியது.

"ஐ டிட் இட்!" என்று நான் குதித்தேன். அந்த முனையில் அக்கா "முருகா" என்றது கேட்டது. அத்தோடு லைன் அறுந்தது.

"இன்னொரு வாட்டி ஊது" என்றாள் அம்மா.

"கட் ஆயிடுச்சும்மா."

"ஊதுடா."

கறுத்த கண்ணாடியில் ஊதினேன். ஆவி படிந்து மறைந்தது. மறுபடி, மறுபடி. "போதும், விடு, பிள்ளைய என்ன பண்ற?" என்று அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். அம்மா போனைத் தேடவில்லை. உள்ளங்கையைக் கொண்டுவந்து என் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வேகம் பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன். இருப்பதிலேயே பெரிய ஊதலாக ஊதிக் காட்டிவிட வேண்டும் என்று, வாயை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டேன். அதற்குப் போய் அம்மாவின் முகம் ஏன் அப்படி வெளுத்தது, ஏன் என்னைப் பிடித்து அப்படி உலுக்கினாள் என்று எனக்குப் புரியவே இல்லை.