பன்னிரண்டாம் தட்டின் கணக்கு

பேப்பரக்கா பள்ளிக்கூடம் போனது எட்டாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு அவளைப் படிக்க வைத்தது ஒரு பைண்டிங் கடை. அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாள்களைப் பதினாறு பக்கமாக மடித்து அடுக்க வேண்டும். மடிக்கிற கையோடு கண்ணும் ஓடும். ஆனால் நாள் முழுக்க அவள் கைக்கு வருவது ஒரே புத்தகத்தின் அதே பதினாறு பக்கங்கள்தான். இப்படி நூற்றுக்கணக்கான புத்தகங்களின் நடுப்பகுதி அவளுக்கு அத்துப்படி. ஏதோ ஒரு நாட்டில் மன்னனை ஏன் விரட்டினார்கள் என்று சொல்வாள், விரட்டிய பிறகு என்ன ஆனது என்று கேட்டால், "அந்தப் பக்கம் வேற ஆளு மடிச்சா. மிச்சத்த நாமளே யோசிச்சுக்க வேண்டியதுதான்" என்பாள். அப்படி யோசிக்கிற பழக்கம்தான் பிற்பாடு பல அதிகாரிகளுக்குத் தலைவலியானது.

கடை மூடியதும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சேர்ந்தாள். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத கூடம். ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் ஆவி கக்கும் தேய்ப்பு உருளை, இந்தப் பக்கம் நீண்ட மேசை. மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் படுக்கை விரிப்புகளை மடிப்பார்கள். மேலே ஆயிரம் நோயாளிகள் படுத்திருக்கும் வெள்ளைத் துணியெல்லாம் இவர்கள் கைபட்டுப் போனதுதான். ஆனால் மேலே இருக்கும் யாருக்கும் இப்படியொரு கூடம் இருப்பதே தெரியாது.

ஒருநாள் உருளை பழுதாகி எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவள் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தாள். உருளை சரியான பிறகும் அவளை நிறுத்தவிடவில்லை. "நீ படிக்கா, உன் பங்க நாங்க மடிச்சுக்கிறோம்" என்றார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கம். பட்ஜெட், கோர்ட்டுத் தீர்ப்பு, எங்கோ நடக்கும் வேலைநிறுத்தம், மனிதனைப் போலப் பேசும் கணினி என்று எல்லாவற்றையும் படிப்பாள், படித்துவிட்டு, "இதுல யாருக்கு லாபம்? சொல்லுங்கடி" என்று கேட்பாள். ராசிபலனை மட்டும் தொடமாட்டாள். அதற்காகவே இரண்டு மாதமாக அவளோடு பேசாமல் இருந்தாள் மேசைக் கோடியில் நிற்கும் நெட்டச்சி. ராசிபலன் கேட்டவளிடம், "உன் ராசிக்கு இன்னிக்கும் இதே கூடம்தான், இதே ஆவிதான்" என்று அக்கா சொல்லிவிட்டாள். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை.

"நீ வேலைக்குப் போறியா, மேடைக்குப் போறியா?" என்று கேலி செய்வார் பள்ளி வேன் ஓட்டும் கணவர்.

"ரெண்டுக்கும் ஒரே செருப்புதாங்க" என்பாள் இவள்.

இந்த ஏற்பாட்டின் நடுவே கேமரா வந்தது. சலவைப் பிரிவை நடத்தும் கம்பெனி, மடித்ததை அடுக்க ஆளுக்கொரு தட்டு ஒதுக்கி, தட்டுக்கு மேல் ஒரு கேமரா மாட்டியது. யார் தட்டில் எத்தனை விரிப்பு ஏறுகிறது என்று அது எண்ணும். வேலை முடிந்ததும் சுவரில் இருக்கும் திரை அதைக் காட்டும். முதல் நாள் மாலை பதினோரு தட்டுகளிலும் முந்நூறை ஒட்டி ஏதோ ஓர் எண் இருந்தது. பன்னிரண்டாம் தட்டில் மட்டும் சிவப்பாக ஒரு சைபர்.

மேனேஜர் சின்ன வயதுக்காரர், கெட்டவரும் இல்லை. "அக்கா, மூணு நாள் சைபர் வந்தா பேரு தானா அழிஞ்சிடும். நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

"தானான்னா யாரு சார்?"

"சிஸ்டம்க்கா."

"அதுக்குச் சொல்லிக் குடுத்த ஆளு ஒருத்தர் இருப்பாருல்ல? அவர் பேரு?"

மேனேஜர் கழுத்தைச் சொறிந்தார். நியாயமான கேள்விதான். இந்தக் காலத்து அநியாயத்துக்கு முகவரி கிடையாது. யாரைக் கேட்டாலும் சுவரில் இருக்கும் பெட்டியைக் கைகாட்டுகிறார்கள்.

மறுநாள் அக்கா வெறுங்கையோடு வந்தாள். "இனிமே நானும் மடிக்கிறேன்" என்றாள். அவள் உட்காரும் முக்காலியில் அன்றைய பேப்பர் கிடந்தது. தேய்ப்பு உருளைக்காரர் காசு போட்டு வாங்கி வைத்திருந்தார். "தலையங்கம் மட்டும் படிம்மா, போதும்" என்றார். தலையங்கம் பாதி பொய். அதைத் திட்ட ஆரம்பித்தவள் திட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விட்டது.

அன்று மாலை எல்லோரும் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மற்ற தட்டுகள் எல்லாம் இருநூறு. பன்னிரண்டாம் தட்டு, ஆயிரத்து நூற்று நாற்பது.

யாரும் கூடிப் பேசித் திட்டம் போடவில்லை, அங்கேதான் தப்பு. அக்கா பாவம், நாம் கொஞ்சம் வைப்போம் என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியாக, மற்றவளுக்குத் தெரியாமல், நூறு விரிப்பை அவள் தட்டில் சேர்த்திருக்கிறாள். தட்டுக்கு முதுகைக் காட்டிப் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு எதுவும் தெரியாது.

மூன்றாம் நாள் காலை கம்பெனியிடமிருந்து பாராட்டு வந்தது. பின்னாலேயே ஓர் உத்தரவும் வந்தது: ஒருவரால் ஆயிரத்து நூறு முடியும் என்றால் மற்றவர்களுக்கு அறுநூறாவது முடிய வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து எட்டாதவர்கள் வர வேண்டாம்.

அக்காவின் வேலை தப்பித்தது. பதினோரு பேரின் வேலை மாட்டிக்கொண்டது.

"நீ வாயத் தொறக்காதக்கா" என்றாள் ஒருத்தி. "உண்மையச் சொன்னா மொதல்ல உன்னத்தான் அனுப்புவான். நாங்க எப்படியாவது ஓடி ஓடி மடிச்சுக்கிறோம்."

"ஓடி எங்கடி போவீங்க? எட்டு மணி நேரம். அறுநூறுன்னா ஒண்ணுக்கு ஒரு நிமிஷம்கூடக் கெடையாது. ஒண்ணுக்குப் போற நேரம் எந்தக் கணக்குல?" என்று சொல்லிவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், நேத்து நான் ஒண்ணுகூட மடிக்கல. படத்தப் பாத்தீங்களா?"

"எண்ணத்தான்க்கா பாத்தேன்."

"அப்பப் படத்தப் போடுங்க."

அவர் போட்டார். திரையில் அக்காவின் முதுகு, ஆடுகிற தலை, பேப்பர் பிடித்த கை. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வருகிறார்கள். ஒருத்தி துணியை இடுப்பில் மறைத்துக்கொண்டு வருகிறாள். ஒருத்தி இருமுவது போல நடிக்கிறாள். நெட்டச்சி ஐந்து முறை வருகிறாள். ஐந்தாம் முறை, அக்கா என்ன படிக்கிறாள் என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கழுதைங்க" என்றாள்.

மேனேஜர் படத்தை நிறுத்தினார். "இத அனுப்புனா என் வேலையும் போகும்க்கா. படத்தப் பாக்காம எண்ண மட்டும் கம்பெனிக்கு எழுதுனது நான்தான்."

"உங்க வேலை எதுக்குப் போகணும்? கூடத்துக்கு மொத்தம் எத்தன?"

"மூவாயிரத்து முந்நூத்துச் சொச்சம்."

"போன மாசம்?"

"அதேதான்."

"ஆஸ்பத்திரிக்குத் துணி கொறஞ்சுதா? இல்லையில்ல? அப்ப கூடத்துக்கு ஒரே எண்ணு போதும். தட்டுத் தட்டா எண்ணுனா மொத நாள் சைபர், மறுநாள் ஆயிரம். இத நம்பி ஆள வேலையவிட்டு அனுப்ப முடியாதுன்னு கம்பெனிக்கு எழுதுங்க."

"ஒத்துக்கலன்னா?"

பதில் வாசலில் இருந்து வந்தது. பதினோரு பேரும் உருளைக்காரரும் நின்றிருந்தார்கள். நெட்டச்சிதான் பேசினாள்: "ஒத்துக்கலன்னா நாளைக்கு எல்லாத் தட்டுலயும் சைபர் சார். மேல ஆயிரம் கட்டிலுக்கு உங்க சிஸ்டமே விரிச்சுக்கட்டும்."

மேனேஜர் எழுதினார். அக்கா அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். 'ஊழியர்கள் தவறுக்கு வருந்துகிறார்கள்' என்ற வரி வந்ததும் நிறுத்தினாள். "யாரும் வருந்தல சார். அந்த வரிய அடிங்க." அவர் அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினார்.

ஒன்பதாம் நாள் திரையில் பன்னிரண்டு எண்கள் போய் ஒன்றே ஒன்று வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: எல்லோர் கையும் வேலை செய்ய வேண்டும். அதனால் இனி வாசிப்பு முறைவைத்து என்று முடிவானது. ஆனால் அதெல்லாம் பிறகு. கடிதம் போன அன்று கூடத்தில் நான்கு வண்டி துணி தேங்கிக் கிடந்தது. பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு அக்காவும் மேசைக்கு வந்தாள். பல மாதம் கழித்து விரிப்பைத் தொட்டவளுக்கு ஓரம் ஒன்று மேலே ஏறியது, ஒன்று கீழே தொங்கியது.

"என்னக்கா இது, மடிச்சிருக்கியா, சுருட்டியிருக்கியா?" என்றாள் நெட்டச்சி. இரண்டு மாதத்தில் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. "நாட்டையே திருத்துற, ஒரு பெட்ஷீட்ட நேராக்கத் தெரியல. இங்க குடு."

"மறு நுனியப் புடிடி, வாயாடி" என்றாள் அக்கா.