ஜாகா அண்ணன் பிடித்த கை

எழுபதுகளின் கடைசியில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். அங்கே ஜாகா, அதாவது காவலாளி, வேலை பார்த்தவர் ஒரு முன்னாள் ராணுவ வீரர். கட்டையான உருவம், நரைத்த மீசை. அந்தப் பக்கக் காடுகளில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த சண்டையில் காட்டிய துணிச்சலுக்காகக் கிடைத்த பதக்கத்தைத் திங்கட்கிழமைக் கொடியேற்றத்துக்கு மட்டும் சட்டையில் குத்திக்கொண்டு வருவார். அதைப் பற்றிக் கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை காலை, மரவள்ளி நடுவதற்காகப் பள்ளிக்குப் பின்னால் கொத்திக்கொண்டிருந்தேன். துருப்பிடித்த இரும்பு உருண்டை ஒன்று கிடைத்தது. எடுத்து மண்ணைத் தட்டினேன்.

"சார்! தட்டாதீங்க! அப்படியே நில்லுங்க!"

ஜாகா அண்ணன் வேலியோரத்திலிருந்து வந்தார்.

"அது கைக்குண்டு சார். கீழ போட்டுடாதீங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. "நீங்க தள்ளிப் போங்கண்ணே!" என்றேன்.

அவர் போகவில்லை. என் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்தார்.

"என்கூடவே மெதுவா குந்துங்க லா."

இருவருமாகக் குந்தி அதைப் புல்லில் வைத்தோம். அடுத்த நொடி என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு திடலைத் தாண்டி ஓடினார்.

மதியம் ராணுவத்தினர் வந்து அதை வெடிக்கச் செய்தார்கள். பள்ளி ஜன்னல்களெல்லாம் அதிர்ந்தன. நாங்கள் இருவரும் கைதட்டிக் கத்தினோம்.

"உங்களுக்குப் பயமே இல்லையாண்ணே?"

"ஏன் இல்ல சார்? என் கையும்தான் நடுங்குச்சு. உங்க நடுக்கத்துல உங்களுக்குத் தெரியல."

நான் நம்பவில்லை. அந்தக் கைகள் கல்லைப் போல அசையாமல் இருந்தன. நான் வெட்கப்படக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாரோ என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.