அண்ணாவின் பொன்னுருக்கில் என்னுடைய காசு

தேங்காய்ச் சிரட்டைக்கரிப் புகை... நோர்பரியில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அந்த மணம்தான். ஸ்மோக் அலாரம் கத்தித் தொலைத்துவிடும் என்று சித்தப்பா அதற்கு ஷவர் கேப்பை மாட்டிவிட்டிருந்தார்.

அன்று அண்ணாவுக்குப் பொன்னுருக்கு. தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்... கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டில் ஒரு தங்கக் காசை உருக்கி, அந்தப் பொன்னில்தான் தாலி செய்வார்கள்.

அப்போது நான் பழைய நாணயங்கள் விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பிரெஞ்சுத் தங்கக் காசுகளை எழுத்துப் பார்த்துப் பிரித்து வைப்பது என் வேலை. எந்த ஊரில் அச்சடித்தது என்று அந்தக் காசின் அடியில் பொடி எழுத்து இருக்கும். A என்றால் பாரிஸ். BB என்றால் ஸ்ட்ராஸ்பூர்க். லென்ஸும் கையுமாக இருந்து இருந்து, எந்தக் காசைக் கண்டாலும் திருப்பிப் பார்க்கும் வியாதி வந்துவிட்டது.

எங்கள் வீட்டிலேயே அப்படி இரண்டு காசு இருந்தது. அண்ணா பாரிஸில் பிறந்தபோது அப்பா A போட்டது ஒன்று வாங்கினார். பிறகு வேலைக்காக ஸ்ட்ராஸ்பூர்க் போய், அங்கே நான் பிறந்தபோது, கடைக்காரனோடு மல்லுக்கட்டி BB போட்டதையே தேடி எடுத்தாராம். "பிள்ளை பிறந்த ஊர் அதிலை இருக்க வேணும்" என்று சொல்வார். பிறகு நாங்கள் கடல் தாண்டி நோர்பரிக்கு வந்துவிட்டோம்; பொன்னுருக்கு நடந்தபோது அப்பா உயிரோடு இல்லை.

வெற்றிலையில் காசை வைத்து, சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டு சுற்றி வந்தது. என்னிடம் வந்ததும் கை தன்பாட்டில் திருப்பிப் பார்த்தது...

BB.



"அம்மா, இது என்ரை காசு."

"ரெண்டும் ஒண்டுதான். சும்மா இரு, நல்ல நேரம் போகுது."

பெரியம்மா சிரித்தார். "உருக்கினாப் பிறகு எழுத்தே தெரியப் போகுது?"

"அதுக்குத்தான் உருக்க வேண்டாம் எண்டுறன்!"

பொன் உருக்க வந்து கரியை ஊதிக்கொண்டிருந்த பத்தர் நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்தார். வயதுக்கு வந்த பிள்ளை சபையில் நின்று கத்துகிறாளே என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. ஆனாலும் காசைப் பொத்திய கையை நான் திறக்கவில்லை. அப்பா எனக்கென்று தேடி வாங்கிய ஒரே பொருள் அது. விடுவேனா?

அண்ணாதான் கடைசியில் வாய் திறந்தான். "என்ரை காசு மேலை அலுமாரியிலைதானே இருக்கு? ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா."

ஓடினேன். நேரம் தப்புமுன் அவன் காசு உருகியது. அம்மா என் பக்கமே திரும்பவில்லை.

சனம் எல்லாம் போன பிறகு, குசினியில் பாத்திரம் கழுவும்போது கேட்டேன். "மாறி எடுத்திட்டீங்களோ அம்மா?"

"மாறேல்லை. தெரிஞ்சுதான் எடுத்தனான். அண்ணான்ரை காசு அவன்ரை பிள்ளையளுக்கெண்டு இந்த வீட்டிலை இருக்கட்டும் எண்டு பார்த்தன். நீ எப்பிடியும் வேறை வீட்டுக்குப் போறவள்தானே..." கழுவிய தட்டைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "உன்ரையை எடுத்தால் நீ ஒண்டும் சொல்லமாட்டாய் எண்டு நினைச்சன்."

அம்மா அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உள்ளதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது.

"இனிமேல் சொல்லுவன் அம்மா" என்றேன். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்... வீட்டிலும், வேலையிலும்.

இப்போது காலம் மாறிவிட்டது. குட்மேய்ஸில் இருக்கும் சொந்தங்கள் பொன்னுருக்குக்கு முன் காசைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். "என்ன எழுத்தெண்டு பார்த்துச் சொல்லு, பிறகு உருக்குவம்" என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

அம்மாவும் மாறிவிட்டார். என் வீட்டுக்கு வந்தால் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைத் தொடுவதற்கும் "எடுக்கட்டோ பிள்ளை?" என்று கேட்கிறார். பெற்ற தாய் அப்படிக் கேட்கும்போது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது...

ஆனால் "கேக்க வேண்டாம் அம்மா" என்று நான் இன்னும் சொல்லவில்லை.