கரை மாறிய வேட்டி

தாம்பரம் மேற்கிலிருந்து முடிச்சூர் போகும் ஷேர் ஆட்டோவில் என் குரலை நானே கேட்டேன்.

வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்து இறங்கிய மறுநாள். எதிரே டிபன் பையோடு உட்கார்ந்திருந்தவர் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து ஸ்பீக்கரில் ஏதோ போட்டார். முதலில் கரகரவென்று ஓர் ஏசியின் சத்தம். அந்த ஏசியை எனக்குத் தெரியும், எங்கள் ரூமில் இருப்பது. அதற்குப் பின்னால் நான் பேசினேன்.

"ஆட்சி மாறிடுச்சு, ஆட்சி மாறிடுச்சுன்னு குதிக்கிறீங்களே மச்சான், இன்னாடா மாறிச்சு? எங்கப்பா இஸ்திரி போடுற வேட்டில கரை மாறிச்சு. இடுப்பு அதே இடுப்புதாண்டா."

ஆட்டோவே சிரித்தது. எனக்குக் கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது. தலைவர் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், எங்கள் முடிச்சூர் ரோட்டில் மழைத்தண்ணி போக ஒரு கால்வாய் போடட்டும், நான் இங்கேயிருந்தே கும்பிடுகிறேன் என்று போனில் என் குரல் பேசிக்கொண்டே போனது. காலேஜ் பெண் ஒருத்தி, இது எங்கள் ஃபிளாட் குரூப்பிலும் வந்தது என்றாள். வண்டியில் ஏறுகிறவர்களெல்லாம் இதையேதான் போடுகிறார்கள் என்றார் டிரைவர். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறான், இங்கே இருந்தால் பேசுவானா என்று டிபன் பைக்காரர் கேட்டார்.

காய்கறிக் கூடையை மடியில் வைத்திருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அவன் பேசிட்டுப் பூட்டான். பெத்தவன் இங்கதான கீறான்."

"அதான," என்றார் டிரைவர் திரும்பாமலே. "முடிச்சூர் ரோட்டுல எத்தினி இஸ்திரி வண்டி கீது? கண்டுபுடிக்கிறது ஒரு வேலையா?"

அந்த நிமிஷம் வரை எனக்கு அது தோன்றவே இல்லை. சிரிப்பு வரவேண்டுமென்று அப்பாவை இழுத்தேன். அவர் எங்கே நிற்கிறார் என்று ஊருக்கே வழி சொல்லியிருக்கிறேன் என்று தெரியவில்லை.

என் ஸ்டாப் வந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் திறந்து, மூடிக்கொண்டேன். அந்தக் குரலை இப்போதுதான் எல்லோரும் கேட்டு முடித்திருந்தார்கள். கம்பியைத் தட்டினேன், டிரைவர் காதில் விழவில்லை. வேறு யாரோ இறங்கிய இடத்தில் நானும் இறங்கித் திரும்பி நடந்தேன்.

எல்லோரும் டைப் அடிப்பார்கள், நான் பேசி அனுப்புவேன். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அம்மா இருவருக்கும் எழுத்து தெரியாது. மறைமலை நகரில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தபோதும், பிறகு ஏசி பராமரிப்பு வேலைக்கு வெளிநாடு போனபோதும், வீட்டுக்குச் சேதி என்றால் மைக் படத்தை அழுத்திப் பேசுவதுதான். அந்தப் பழக்கத்தில் நண்பர்கள் குரூப்பிலும் பேசிவிட்டேன். அதையே எழுதி அனுப்பியிருந்தால் யார் எழுதியது என்று எவனுக்கும் தெரிந்திருக்காது.

வெளிநாட்டில் வாய் ஏன் அப்படி நீளுகிறது என்பதையும் சொல்லவேண்டும். நாங்கள் இருக்கும் நாட்டின் ஆட்சியைப் பற்றி ரூமில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். டிவியில் மன்னர் வந்தால் பக்கத்துக் கட்டில்காரன் நீட்டிய காலை மடக்கிக்கொள்வான். அடக்கி வைத்த பேச்செல்லாம் வெள்ளிக்கிழமை மத்தியானம் சோறு தின்றபிறகு ஊர்ப் பக்கம் திரும்பும். யார் வரவேண்டும், யார் போகவேண்டும், யாருக்குத் தலைமைப் பண்பு இருக்கிறது என்று கட்டிலில் படுத்தபடியே ஆட்சி அமைப்போம், கவிழ்ப்போம். இங்கே வாயை மூடிக்கொண்டு அங்கே திறக்கிற வீரர்கள் நாம் என்று ரூமில் ஒருவன் நக்கலடிப்பான். நாங்களும் சிரிப்போம்.

நான் பேசியது பொய்யில்லை. அப்பாவின் வண்டி முடிச்சூர் ரோட்டோரம், ஒரு ஃபிளாட்டின் காம்பவுண்டு சுவரை ஒட்டி, புங்கமரத்தடியில் நிற்கிறது. அந்தப் பகுதியின் கட்சி வட்டச் செயலாளருடைய வெள்ளைத் துணி முழுக்க அங்கேதான் வரும். எல்லோரும் அவரை வட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்சி மாறியது. கொஞ்ச நாளில் அவரும் மாறினார். அப்பாவிடம் வந்த மூட்டையில் பழைய கட்சிக் கரை போட்ட வேட்டி நின்று, புதுக்கட்சிக் கரை போட்ட வேட்டி வந்தது. சட்டை அளவு அதே. புதுக்கட்சியிலும் அவர் வட்டமே ஆனார். கூப்பிடுகிறவர்களுக்குச் சிரமமில்லை.

இதை அப்பா ஒரு குரல் சேதியில் எனக்குச் சொன்னார், சிரித்துக்கொண்டே. அவர் எனக்கு மட்டும் சொன்னதை நான் ஊருக்குச் சொல்லிவிட்டேன்.

வீட்டில் நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். கடைக்குப் போனால் கையால் காட்டி வாங்கினேன். தண்ணி மாறியதில் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்து அம்மா மிளகும் பனங்கற்கண்டும் போட்டுப் பால் காய்ச்சித் தந்தாள். குடித்தேன். இரண்டு நாள் அப்படிப் போனபின் அப்பாவுக்கு டீ எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். அவர் ஒரு வேட்டியில் தண்ணீர் தெளித்து, கரையை மட்டும் தனியாக இழுத்துப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்ததையே மறுபடி தேய்த்தார். ரோட்டை ஒருதரம் பார்த்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"தொண்டையில ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். நானும் கேட்டேன். ஃபிளாட்டு வாட்ச்மேன் போட்டுக் காட்டினான். உன் கொரல் எனக்குத் தெரியாதா."

"வட்டத்துக்குத் தெரியுமாப்பா?"

"தெரில. துணி வந்துகினு கீது. அது வர்ற வரிக்கும் ஒண்ணுமில்லன்னு வச்சிக்கோ."

திட்டியிருந்தால் தேவலை. டீயைக் குடித்துவிட்டு மறுபடி அதே கரையைத் தேய்க்க ஆரம்பித்தார். பெருவெள்ளத்தில் இந்த வண்டி மிதந்துபோய் யாரோ ஒருவரின் கேட்டில் சிக்கி நின்றது. சேறு வழித்து, சக்கரம் மாற்றி, அதே மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். அப்போதுகூட அப்பாவின் முகம் இப்படி இல்லை. தண்ணி வடியும் என்று தெரியும்.

அந்த வாரமே வட்டத்தின் வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். துணியை வெளிநாட்டிலிருந்து வந்த பையனிடம் கொடுத்தனுப்பச் சொன்னாராம்.

அப்பா மூட்டையைக் கட்டும்போது முடிச்சு விழவில்லை. நான் வாங்கிக் கட்டினேன். என்ன கேட்டாலும் சரிண்ணா என்று சொல்லிவிட்டு வா என்றார். வழியெல்லாம் அந்த வெள்ளைத் துணியின் சூடு என் கையில் இருந்தது.

அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஃபில்டர் சுத்தம் செய்யாத சத்தம். பயத்திலும் அது காதில் பட்டது. சுவரில் புதுத் தலைவரின் படம். பழைய படம் இதைவிடப் பெரியது போலிருக்கிறது, வெயில் படாத சுவர் ஒரு சட்டம் மாதிரி புதுப் படத்தைச் சுற்றித் தெரிந்தது. பக்கத்தில் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை உட்காரச் சொன்னார், ஜூஸ் கொண்டுவரச் சொன்னார், வெளிநாட்டில் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார். நான் தலையாட்டினேன். மூட்டையைத் தானே பிரித்து மேலே இருந்த வேட்டியை எடுத்து, கட்டைவிரலால் கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார்.

"நல்லா படிஞ்சிருக்கு. உங்கப்பா கைக்கு ஈடே கெடையாது." வேட்டியை மடித்து வைத்தார். "இடுப்பும் அதேதான், இல்ல தம்பி?"

நாற்காலியில் இருந்தவர்கள் போனிலிருந்து நிமிர்ந்து சிரித்தார்கள். ஜூஸைக் கீழே வைக்க இடம் தேடினேன்.

"பயப்படாத. எம் பொண்ணுதான் எனக்கே அனுப்பிச்சா. ரசிச்சேன்பா, உண்மையாவே. நம்ம பசங்க கையில மைக் குடுத்தா ஒளர்றானுங்க. நீ பேசினா ஜனம் கேக்குது." முன்னால் சாய்ந்தார். "கெளம்பறதுக்குள்ள இன்னொண்ணு பேசு. நான் வெளிநாட்டுலேர்ந்து பாக்கறேன், ஊர்ல மாற்றம் நல்லா தெரியுதுன்னு. அதே கொரல், அதே நக்கல். இங்க இருக்கறவன் சொன்னா காரியத்துக்குப் பேசறான்னுவாங்க. நீ சொன்னா, இவனுக்கு இதுல ஆகப்போறது ஒண்ணுமில்லன்னு நம்புவாங்க."

"சரிண்ணா," என்றேன். அங்கே நான் பேசியது அவ்வளவுதான்.

வாசல் வரை வந்து செருப்பு மாட்டும்போது தோளில் கை வைத்தார். "உங்கப்பா வண்டி அந்த எடத்துல ரொம்ப நாளா நிக்குதில்ல? நல்ல எடம். நெழலு."

தலைமை என்றால் டிவியில் பேசுகிறவர் என்றுதான் வெளிநாட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு நினைத்திருந்தேன். எங்கள் ரோட்டில் தலைமை என்பது தோளில் இப்படி வைக்கிற கை. மேலே யார் வந்தாலும் போனாலும் இந்தக் கை இங்கேயே இருக்கிறது. இதை அன்று அந்த வாசலில் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் மொட்டைமாடிக்குப் போனேன். துணி காயும் கொடிக்கு நடுவில் நின்று மைக் படத்தை அழுத்தினேன். மச்சான் என்று ஆரம்பித்தேன், அழித்தேன். ரோடு நன்றாக இருக்கிறது என்றேன், அழித்தேன். பொய் சொல்லத் தெரியாதவன் இல்லை நான். சம்பளம் வராத மாதத்தில் வந்துவிட்டது என்று வீட்டுக்குச் சொன்னவன்தான். ஆனால் இதற்குக் குரல் வரவில்லை. வந்த குரலும் என்னுடையதாக இல்லை. துணி எடுக்க வந்த அம்மா படியில் நின்று கொஞ்ச நேரம் கேட்டிருக்கிறாள்.

"யார்கிட்டடா கெஞ்சினு கீற?"

யாரிடமும் இல்லை என்றேன். அவள் துணியை வாரிக்கொண்டு இறங்கினாள்.

சாயங்காலம் அப்பாவிடம் முழுவதும் சொன்னேன். பேசி அனுப்பவா, வேண்டாமா என்று கேட்டேன். நான் வெளிநாடு போய்விடுவேன், நிற்கப்போவது அவர்தான், அவர் சொன்னால் சரி என்று நினைத்தேன். பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னக் கேக்காதடா. எனக்கும் பயமாத்தான் கீது."

அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. நாள் போனது. ஒவ்வொரு நாளும் மாடிக்குப் போவேன், அழுத்துவேன், அழிப்பேன். இதைத் துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பேச முடிந்திருந்தால் பேசியிருப்பேன். கிளம்பும் நாளும் வந்துவிட்டது. அன்று காலை வண்டியடியில் அப்பா பெட்டியைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, வேறு யாருடைய துணியையும் எடுக்காமல் நின்றார். வட்டம் வீட்டு மூட்டை வரும் நேரம் கடந்துபோயிருந்தது. நான் பயணப் பெட்டியோடு ஆட்டோவில் ஏறும்வரை அது வரவில்லை. இருவரும் ரோட்டின் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்திரமாகப் போய் வா என்று சொல்ல அவர் மறந்துவிட்டார்.

இப்போது மறுபடி அதே ரூம், அதே கரகர ஏசி. வெள்ளிக்கிழமை கட்டிலில் ஆட்சி அமைக்கிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள், ஸ்டார் பேச்சாளர் பேசட்டும் என்று. நான் தூங்குவதுபோல் படுத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரன், இங்கேயும் மூடியாச்சா என்று கேட்டான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கும் குரல் அனுப்புவதில்லை. யார் போனிலிருந்து யார் போனுக்குப் போகுமோ. அப்பாவும் அனுப்புவதில்லை. அதற்குப் பதிலாகக் காலையில் ஒரு படம் வரும். போனை வாட்ச்மேனிடம் கொடுத்து எடுக்கச் சொல்கிறார். புங்கமரம், வண்டி, வண்டிக்குப் பக்கத்தில் அப்பா. வண்டி இன்னும் அங்கேயே நிற்கிறது என்று அர்த்தம். படத்தைப் பெரிதாக்கி வண்டிமேல் உள்ள மூட்டைகளைப் பார்ப்பேன். கலர் துணிதான், வெள்ளை இல்லை. பிறகுதான் வேலைக்குக் கிளம்புவேன்.

இன்று காலைப் படத்தில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. சுண்ணாம்புத் தூள். காம்பவுண்டு சுவரை ஒட்டி நேராக வந்து வண்டியின் சக்கரத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே போகிறது. அப்பா கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்கிறார், மிதித்துவிடக் கூடாது என்பதுபோல.

கால்வாய்க்கான கோடாக இருக்கலாம். ஊருக்கே கேட்கும்படி அந்தக் கால்வாயைக் கேட்டவன் நான்தான். வண்டியை எடுக்கப் போட்ட கோடாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம், யாரால் போய்க் குறை சொல்ல முடியும். என்ன என்று அப்பாவிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் தெரிந்துவிடும். மைக் படத்தின்மேல் விரலை வைத்து எடுக்கிறேன், வைத்து எடுக்கிறேன். டைப் அடிக்கலாம், ஆனால் அதை இன்னொருவர்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அதனால் அவர் படிக்க முடியாத இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், யார் பெயரும் போடாமல். நாளைக் காலைப் படம் வரட்டும்.